காலுக்குப் பதில் பென்சில்

கரக்கோல் நகரம். ஜூலை எட்டு.
முழங்கால்வரை மாவுக்கட்டோடு
சமையலறை மேசை முன்னால் நான்.
மேசை முழுக்க சோவியத் காலத்து வரைபடம்,
ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர்.
மடிப்பில் கிழிந்து கிழிந்து
தெலெத்தி கணவாய் இருக்கவேண்டிய இடத்தில்
செலோ டேப் இருக்கிறது.
பரவாயில்லை.
அந்தக் கணவாயை எனக்கு இருட்டிலும் தெரியும்.

போகப்போவது சால்தனத்தும் பெர்மெத்தும்.
ஒருத்தி என் மனைவி.
மற்றவள் அவள் பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள்,
தராசு அவளுடையது.
பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப்
பாதியாய் அறுத்துவிட்டு
நாலு கிராம் மிச்சம் என்றாள்
லாட்டரி விழுந்த முகத்தோடு.

எழுதிக்கொண்டே போகிறேன்.
முதல் நாள் ஜெத்தி-ஓகுஸ்.
சிவப்புப் பாறைகளைப் படமெடுத்து
நேரத்தைக் கரைக்காதீர்கள்.
"போன வருஷம் யார் கரைத்தது?"
அடுப்படியிலிருந்து சால்தனத்.
இரண்டாம் நாள் கணவாய்க்குக் கீழே கூடாரம்.
மூன்றாம் நாள் ஐந்து மணிக்கே ஏறத் தொடங்கணும்;
மதியத்துக்குமேல் மேகம்
யாருக்கும் முகம் கொடுப்பதில்லை.

பனியாறு உருகி வரும் ஓடையைப்
பத்து மணிக்குள் கடந்துவிடுங்கள்.
காலையில் கணுக்கால்.
மதியம் தொடை.
மாலையில் அது உங்களைக் கேட்பதே இல்லை.
இதை மூன்று முறை அடிக்கோடிட்டேன்.
பென்சில் முனை உடைந்தது.

என் காலை உடைத்தது மலையல்ல
என்பதையும் சொல்லிவிட வேண்டும்.
சந்தைக்கு வெளியே தெருவோர வாய்க்கால்,
கையில் இரண்டு முலாம்பழம்.
நாலாயிரம் மீட்டரில்
இருபது வருஷம் சறுக்காத கால்.
பழங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாப்பாடு, நாளுக்கு ஆளுக்கு அறுநூறு கிராம்.
ஓட்ஸ், நூடுல்ஸ், உலர்ந்த ஆப்ரிகாட்,
உப்புத் தயிரை உருட்டிக் காயவைத்த குருத்.
குருத்தைத் தராசில் வைக்காதே,
அது சாப்பாடில்லை, தைரியம் என்றேன்.
வைத்தாள்.
இருநூற்றுப் பத்து கிராம் தைரியம்.

என் பைனாகுலரை
சால்தனத்தின் பையில் அடியில் செருகினேன்.
மறுபடி மேசையில் இருந்தது.
மறுபடி செருகினேன்.
மறுபடி மேசையில்.
"எழுநூற்று நாற்பது கிராம். யார் பார்க்க?"
"எனக்காக."
ஒன்றும் சொல்லாமல்
அதன் கண்ணாடியை முந்தானை நுனியில் துடைப்பதுபோல
சட்டை நுனியில் துடைத்து
ஜன்னலோரம் என் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள்.
அந்த ஜன்னலிலிருந்து முன்வரிசை மேடுகள்தான் தெரியும்.
கணவாய் தெரியாது.
அவளுக்கும் தெரியும் அது.

கூடாரம் மூன்று பேருக்கானது.
"தாராளமாய்ப் புரளலாம்" என்றாள் பெர்மெத்.
அப்புறம் கொஞ்ச நேரம்
கேஸ் சிலிண்டர்களை மட்டும் எண்ணினோம்.

நாலாம் நாளுக்கு
அலா-குல் ஏரி என்று எழுதி நிறுத்திவிட்டேன்.
அந்த நிறத்துக்கு
தூரம், நேரம், எடை
எதுவும் போட வரவில்லை.
ஐந்தாம் நாள் எளிது:
மேல்கணவாய், சரளை இறக்கம், அரஷான் வெந்நீர் ஊற்று.
யூர்ட்டில் குதிரைப்பால் நீட்டுவார்கள்,
ஒரு கிண்ணத்தோடு எழுந்துவிடுங்கள்.
ஆறாம் நாள் இரவு எட்டுக்குள் போன் வராவிட்டால்
மீட்புக் குழுவுக்கு நான் சொல்வேன்.

விடியுமுன் போய்விட்டார்கள்.
கதவை மெல்லச் சாத்தியதால்தான் விழித்தேன்.
ஊன்றுகோலோடு வந்து பார்த்தால்
இரண்டு இரவு எழுதிய தாள்
தராசின் மேல் கிடக்கிறது.
ஐந்து கிராம்.
போனில் படமெடுத்துக்கொண்டு
தாளை விட்டுப் போயிருக்கிறாள் வேதியியல்காரி.

திட்டினேன்.
பிறகு பார்த்தேன்,
அடியில் சால்தனத்தின் கையெழுத்தில்
புதிதாய் ஒரு வரி:
நீ, பத்து மணிக்குள் மாத்திரை.

மூன்று முறை
அடிக்கோடிட்டிருக்கிறாள்.