இறம்பொடை ஏற்றம்

ஓட்டோவை முதலில் தந்தார் றிஸ்வி.
இறம்பொடை மூன்றாம் வளைவில்
மிதித்தேன்.
டர்போ யோசித்தது,
கியர் அதைவிட யோசித்தது,
எதிரே வந்த கொழுந்து லொறி
யோசிக்கவே இல்லை.

பிறகு மெனுவல்.
இரண்டில் பிடித்து வைத்தேன்.
மெல்லிய விசில் ஒன்று எழுந்து
மூடுபனிக்குள் எங்களை
இழுத்துக்கொண்டு போனது.
லபுக்கலையில்தான் வினை:
புகைகக்கும் பஸ்ஸின் பின்னால்
அரைக் கிளட்சில் ஊர்ந்து
இடது முழங்கால் வெடவெடக்க,
காருக்குள் கருகல் நெடி.

"ஓட்டோதான் சொகம் மிஸ்,
ஒரு காலுக்கு வேலையே இல்ல."

பக்கத்து சீட்டில் தவசீலன்
வழிநெடுக
ஹேண்ட்பிரேக்கை விடவேயில்லை.

லீசிங் படிவத்தில்
ஓட்டுபவர் பெயர்: தவசீலன்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
வெட்டி
என் பெயரை எழுதினேன்.
கியர்: மெனுவல்.

போகும்வழியில்
முழங்காலுக்குத் தைலம் வாங்கணும்.