நாற்பது மில்லி

செந்தூல் அடுக்குமாடி. விடியற்காலை ஐந்தரை.
குழாயைத் திறந்துவிட்டுக்
கழிவறை வாசலில் குந்தியிருக்கிறேன்.

எரியும் என்று தண்ணீரே குடிக்கமாட்டாள் கவினேஷா.

ஊசியால் குத்தி நான் வடித்த கொப்புளங்கள்
எல்லாம் மனப்பாடம்:
முழங்கால், குதிகால்,
சட்டைத் தையல் உரசிய இடம்.

ஸ்கேன் அறையில் நோராய்னி
கருவியை அழுத்தாமல் ஜெல்லின்மேல் மிதக்கவிட்டாள்.
இடது சிறுநீரகம் வீங்கிக் கறுத்துத் தெரிந்தது.
மூத்திரம் இறங்கும் வழியிலும்
கொப்புளம், தழும்பு, சுருக்கம் என்றார் டாக்டர்.
டியூப் நுழைத்தால் அதுவும் உரியும்.

அங்கே எந்த ஊசியோடு போவேன்?

"அப்பா, அந்தப் பக்கம் பாரு."
பார்க்கிறேன். கீழே முதல் கொமுட்டர் போகிறது.

சொட்டு.
நிற்கிறது.
சொட்டு.

அளவுக் குவளையை விளக்கில் பிடிக்கிறேன்.
"எவ்வளவு?"
"ஐம்பது."

காலண்டரில் நாற்பது என்று எழுதுகிறேன்.