நிமிடக் கணக்கு

'கோபம்' என்று எழுதாதே என்றார்கள்
முதலாம் ஆண்டில்.
'செவி விரிந்தது, ஆறு விநாடி' என்று எழுது.
'துக்கம்' இல்லை:
'தும்பிக்கை தரையில். அசைவில்லை.
பதினொரு நிமிடம்.'

நேர்முகத்தில் ஒருவர் கேட்டார்,
"மாடு பாக்கவோ பிள்ளை பட்டம்?"
(கைகட்டல். கதிரையில் பின்சாய்வு. மூன்று விநாடி.)
ஓம் சேர்.
மாடு பார்க்கத்தான் நிமலரூபன்
கிளிநொச்சிப் பால்பண்ணையில் இருக்கிறான்.
எந்தப் பசு நேற்றுப் படுக்கவேயில்லை என்று சொல்ல
அவனுக்குச் சம்பளம்.
பிறின்சி நாய் பார்க்கிறாள்.
அது மோந்து, நின்று, மெல்லக் குந்தினால்
மண்ணுக்குக் கீழே ஏதோ இருக்கிறது;
அங்கே ஒருவரும் கால் வைப்பதில்லை.

எனக்குக் கிடைத்தது நெடுங்கேணி, மின்வேலி,
எட்டாம் இலக்க அலியன்.
பாலைக் கொப்பை முறித்துக் கம்பிமேல் போடுகிறது.
நாற்பது விநாடி காத்திருக்கிறது,
பரீட்சை மண்டபத்தில் மணி பார்ப்பவன் போல
(இதை நான் எழுதக் கூடாது).
பிறகு கடக்கிறது.
அறிக்கையில் பரிந்துரைத்தேன்:
காட்டைச் சுற்ற வேண்டாம்.
விதைப்பிலிருந்து அறுவடை வரை
வயலைச் சுற்றுங்கள்.
அறிக்கை இன்னும் வவுனியாவில், யாருடைய மேசையிலோ.

இன்று விடிய,
குடலைப் பருவத்து நெல் மிதிபட்டுக் கிடக்க
வரம்பில் தவேந்திரம் அண்ணை.
கை பழக்கத்தில் கொப்பியைத் திறந்தது.
'குந்தல். மண்ணைக் கிள்ளல். எழும்பாமை.'

நிமிடம் எழுதவில்லை.
பென்சிலைக் காதில் செருகிவிட்டு
சரிந்த வேலிக்கட்டையின்
ஒரு நுனியைத் தூக்கினேன்.
மற்ற நுனிக்கு
அவர் எழும்பி வந்தார்.