மால்

ரோஸ்டோக் டிராம் பணிமனையில்
காலை நாலரை மணி ஷிஃப்ட்.
யோர்ன் வண்டியை எடுப்பதற்கு முன்
கையுறையைப் பார்த்துக்கொண்டே சொல்வான்:
"மான் க்யோன்டெ யா மால் காஃபே ட்ரிங்கன்."

பிரித்துப் பார்த்தால்
அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை.
மான் என்றால் யாரோ ஒருவர்.
நம்முடைய மானுக்கும் அதற்கும் உறவில்லை,
ஆனாலும் உற்றுப் பார்த்தால் அதுவும் ஓடிவிடும்.
க்யோன்டெ: முடியும் என்றுகூட இல்லை, முடியக்கூடும்.
யா: உனக்கும் தெரிந்ததுதானே.
மால்: சும்மா, எப்போதாவது, ஒருவாட்டி.
இத்தனை பஞ்சுக்கும் நடுவே
ஒரு காப்பி,
பார்சலில் போகிற கண்ணாடிச் சாமான் மாதிரி.

சக்கரத்துக்கு அடியிலிருந்து
கெஸீனேயின் குரல் வரும்:
"க்யோன்டெ மான்."
குடிக்கலாம்.
லாம் என்பதிலும் ஆள் இல்லை, கவனித்தீர்களா.

இப்படி ஏழு வருஷம்.
மெஷின் காப்பி அறுபது சென்ட்டிலிருந்து
ஒன்று இருபதுக்கு ஏறியது.
யோர்னுக்குப் படிக்கிற கண்ணாடி வந்தது.
அவள் இடது முழங்காலில் ஆபரேஷன்;
அப்போது அவன் அனுப்பிய அட்டையில்கூட
யாரோ ஒருவர்தான் நலம் விசாரித்தார்.

பயிற்சிக்கு வந்த பையன் போஸெ,
பத்தொன்பது வயசு,
கதவில் சாய்ந்து "லஸ் மா டோனர்" என்பான்.
வினைச்சொல்லே கிடையாது.
அதற்குள் நாலு பேர் ஜாக்கெட்டை மாட்டியாகிவிடும்.

நவம்பரில் ஒரு புயல்.
மரம் விழுந்து மின்கம்பி அறுந்து
யோர்னின் வண்டி பாதித் தெருவில் நின்றது.
பயணிகள் திட்டிக்கொண்டே நடந்துபோனார்கள்.
கெஸீனே கருவிப்பெட்டியோடு வந்தாள்,
கூரையைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.
கம்பிக்காரர்கள் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றது ரேடியோ.
காலி டிராமில் இருவர்,
நடுவே நாற்பது இருக்கைகள்.
மழை கண்ணாடியில் என்னவோ எழுதி எழுதி அழித்தது.

யோர்ன் தொண்டையைச் செருமினான்.
அவள் முந்திக்கொண்டாள்:
"வோலன் வீர்?"

இரண்டே சொல்.
எங்கே, என்ன, எப்போது
எதுவும் இல்லை.
வீர் மட்டும் இருந்தது.
அவர்கள் மொழியில் அதற்கு ஒரே வடிவம்:
கேட்பவரைச் சேர்த்தாலும் வீர்,
வெளியே நிறுத்தினாலும் வீர்.
தமிழில் எழுதுகிற எனக்குத்தான் சங்கடம்,
நாங்கள் என்றா, நாம் என்றா.
பேனாவைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:
நாம் போகலாமா?

அவன் வண்டியைப் பூட்டினான்.
பூட்டிவிட்டோமா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

எதிரே பேக்கரி, திறக்க இன்னும் இருபது நிமிஷம்.
உள்ளே மாவு படிந்த ஒருத்தி
தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்,
இவர்களைப் பார்த்தும் பார்க்காதது போல.
ஒழுகுகிற சாய்ப்புக்குக் கீழே
இருவரும் தோளைக் குறுக்கி நின்றார்கள்.

"மான் க்யோன்டெ..." என்று ஆரம்பித்தான் யோர்ன்,
பழக்கதோஷம்.
கெஸீனே முதல் சொல்லிலேயே சிரித்துவிட்டாள்.

பழைய அகராதிகளில் மால் என்றால் மயக்கம்.
அதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.
மான் மழைக்கு ஒதுங்கி
அங்கேயே நின்றது.