உருவாஞ்சுருக்கு

லிங்கன்ஷயரில், கடலிடமிருந்து பிடுங்கிய கறுப்பு மண்ணில்,
சர்க்கரை பீட்ரூட் வயலில் உழுதுகொண்டிருந்த வில்ஃப்ரெட் தர்ல்பியின்
கொழு நுனியில் மாட்டிக்கொண்டு வந்தது ஒரு தோல் பை.
செத்த முயல் என்று நினைத்து உதறப் போனான்.
உள்ளே இருநூற்றுப் பதினான்கு வெள்ளிக் காசுகள்.
சாப்பாட்டு டப்பாவில் கொட்டி, மேலே ரொட்டியை வைத்து மூடி,
எதிர்காற்றில் ஏழு மைல் சைக்கிள் மிதித்து
காவல் நிலையத்தில் கொடுத்தான்.
ரொட்டியை அங்கேயே நின்று தின்றானாம்.

அந்த நாட்டில் புதையலை விசாரிப்பவர்
சாவை விசாரிக்கும் அதே அதிகாரி.
அதே பேரேடு.
முந்தின பக்கத்தில், மதகில் மூழ்கிய ஒரு பையன்.
தானாய்க் குதித்தானா, தவறி விழுந்தானா
என்று போன மாதம் கேட்ட க்ராக்ராஃப்ட்
இப்போது கேட்கிறார்:
ஒளித்து வைத்தானா, தவறவிட்டானா?

தவறவிட்டதென்றால்
எடுத்தவனும் நிலத்துக்காரனும் அடித்துக்கொள்ளலாம்.
திரும்ப வந்து எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்ததென்றால்
ராணிக்கு.
வருவேன் என்று போய் வராமல்போன அத்தனை பேருக்கும்
ஒரே வாரிசு, லண்டனில்.

"ட்ரெஷர் ட்ரோவ்" என்று குமாஸ்தா வாசித்ததும்
ஜூரியில் பன்றி வளர்ப்பவர் ஒருவர் கை தூக்கினார்.
எங்கள் வயல் பாதைக்கும் ஏறக்குறைய இதே பெயர்தானே, இது என்ன?
"கண்டெடுத்த. பழைய பிரெஞ்சு" என்றார் க்ராக்ராஃப்ட்.
"கண்டெடுத்த... எது?"
"செல்வம். அது முன்னாலேயே வந்துவிட்டது."

பெயருக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும் பெயரெச்சம்!
நம் இலக்கணத்தில் எச்சம் முன்னே போய்
பெயருக்காகக் காத்து நிற்கும்.
அங்கேயோ வருஷங்கள் போகப் போக
செல்வம் கழன்று விழுந்துவிட்டது,
எச்சமே பெயராகி உட்கார்ந்துகொண்டது.
கடிதங்களின் ட்ரோவ், போட்டோக்களின் ட்ரோவ்,
பிஸ்கட் டின்னில் கிடந்த பித்தான்களின் ட்ரோவ்.
அதில் கேட்பதெல்லாம் கண்டவனின் கூச்சல்.
நம் புதையலில் கண்டவனே இல்லை;
இருட்டில் குனிந்து மண் தள்ளும்
யாரோ ஒருவரின் முதுகு.

மழை தகரத்தில் அடித்தது.
தேநீர் இரண்டாவது சுற்று வந்தது.
"தவறவிட்டது என்றே எழுதிவிடலாம்" என்று பன்றிக்காரர் சொல்ல
மூன்று பேர் தலையாட்டினார்கள்.

"அந்தப் பையை இங்கே கொடுங்கள்."
விலாங்கு வலை பின்னும் டோர்காஸ் லீக்,
காலையிலிருந்து பேசாதவள்.

காசை எண்ணும் அவசரத்தில்
வாரைக் கத்தியால் அறுத்திருந்தார் காவலர்.
முடிச்சு மட்டும் போட்டது போட்டபடி.
சதுப்புத் தண்ணீர் தோலை மட்கவிடாது.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.
"உருவாஞ்சுருக்கு. தினமும் நான் போடுவது.
வேண்டாமென்று எறிகிறவர்கள் முடிச்சே போடமாட்டார்கள்.
பயந்தவர்கள் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குவார்கள்.
இது ஒரு கையால் அவிழ்க்க.
மற்றக் கையில் விளக்கோ
குழந்தையோ இருக்கும்போது."

குமாஸ்தா எழுதாமல் இருந்தார்.
க்ராக்ராஃப்ட் பேரேட்டில்
ஒரு பக்கம் பின்னால் புரட்டி, மறுபடி முன்னால் புரட்டி,
தீர்ப்பைச் சொன்னார்.

வில்ஃப்ரெட்டுக்கு ராணியின் பரிசுப் பணம் வந்தது.
பழைய மோட்டார்சைக்கிள் ஒன்று வாங்கினான்.
அந்த வயலில் அந்த மூலையை மட்டும்
இரண்டு வருஷம் உழாமல் சுற்றிக்கொண்டு போனான்,
ஏன் என்று முதலாளி கேட்டதற்கு
ஈரம் என்றான்.

காசுகள் அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள், விளக்கின் கீழ்.
தோல் வார் பின்னறையில், எண் ஒட்டிய உறையில்,
இழுத்தால் போதும் என்று
அரை விரல் நீளம் விட்டுவைத்த நுனியோடு.