எட்டு ஐம்பத்திரண்டு

சனிக்கிழமை அரைநாளில்
எங்களைக் கதிரைகளில் ஏறி நிற்கச் சொன்னார்
ஊக்கம் கொடுக்க வந்தவர்.
கொலரில் மைக், மேசையில் இரண்டு போத்தல் தண்ணீர்.
"உங்கள் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு சிங்கம்" என்றார்.
சுலோஜினி என்னைப் பார்த்தாள்.
நாங்கள் சிரிக்கவில்லை.
என் கதிரைக்கு ஒரு சில்லு இல்லை;
சிங்கத்தை எழுப்புவதை விட
விழாமல் நிற்பது பெரும்பாடு.

பிறகு ரோல்ஸும் மைலோவும்.
சுவரில் மும்மொழியில் ஒரு பனர்;
தமிழில்: 'நாமே நிறுவணம்.'

திங்கட்கிழமை
றெயில் வழமைபோலக் கொம்பனித்தெருவில்
சிக்னலுக்கு நின்றது.
கதவில் தொங்கிய அத்தனை பேரும்
யாரோ ஒருவரின் கைக்கடிகாரத்தையே பார்த்தோம்.
எட்டரை தாண்டினால்
கந்தோர் வாசல் மெஷின்
பெருவிரலைச் சிவப்பில் எழுதும்.
மூன்று சிவப்புக்கு அரைநாள் சம்பளம்.
கோட்டை ஸ்டேஷனிலிருந்து யோர்க் வீதி வரை
இம்தியாஸ் ஓடுவான்,
மகளின் மருந்துத் துண்டு சட்டைப்பையில் துள்ள.

நில்மினி மிஸ்ஸின் கார் கராஜில் கிடந்த கிழமை
அவவும் ஏறினா, தெஹிவளையில்.
ஒருவரின் முழங்கைக்கும்
இன்னொருவரின் சோற்றுப் பார்சலுக்கும் நடுவில்
கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி
கோட்டை வரை ஒன்றும் கதைக்கவில்லை.
எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று
மெஷினில் விரலை வைத்தா.
எட்டு ஐம்பத்திரண்டு. சிவப்பு.
கொஞ்ச நேரம்
அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றா.

மறு கிழமை
மெஷின் ஒன்பது மணிக்குப் பிறகுதான் சிவந்தது.
சுற்றறிக்கை இல்லை. கைதட்டல் இல்லை.
என் கதிரைக்கும் சில்லு வந்தது என்று எழுத ஆசைதான்;
வரவில்லை.
சம்பளமும் கூடவில்லை.

ஆனால் போன வியாழன்
சிட்டகொங் போகிற பெட்டிக்கு
ஒரு கடிதம் குறைவதை
ஐந்தே முக்காலுக்குக் கண்டேன்.
தோளில் போட்ட பையை இறக்கினேன்.
இம்தியாஸும் இறக்கினான்.
எங்களை யாரும் கேட்கவில்லை.

வெளியே மழை.
துறைமுகத்துக் கிரேன்களில் விளக்குகள்.
கூரை ஒழுகுகிற மூலையில்
ஃபோட்டோகொப்பி மெஷினைப் போர்த்தியிருந்தது
அந்தப் பனர்.
மடிப்புக்கு வெளியே
'நிறுவணம்' மட்டும் தெரிந்தது.
கடிதம் பிரிண்ட் ஆகும் வரை
சும்மா நின்ற சுலோஜினி
திப்பெக்ஸை எடுத்துக் குலுக்கி
ஒரு சுழியை அழித்தாள்.