முதன்முதலில் கண்ட தேதி

லீல் நகரத்து ஆறு மாடிக் கட்டடத்தில்
நான் நான்காவது, அவர் மூன்றாவது.
பதினோரு வருடமாக எங்களுக்கிடையே இருந்தது
இருபது சென்டிமீட்டர் கான்கிரீட்டும்
லிஃப்டில் ஒரு வணக்கமும்.

இன்று அவருடைய சமையலறை மேசையில்
ஒரே படிவத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறோம்.
இடப்பக்கப் பத்தியில், தண்ணீர் யார் வீட்டிலிருந்து வந்ததோ அவர்.
வலப்பக்கத்தில், யார் வீட்டுக்குப் போனதோ அவர்.
தலைப்பில் ‘இணக்கமாக’ என்றொரு சொல்லை
எங்களைக் கேட்காமலே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

வாஷிங் மெஷின் குழாய்.
பன்னிரண்டு யூரோ ரப்பர்.
கழுத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு.
விடிகாலை மூன்று மணிக்கு ரொட்டிக்கூடத்துக்குக் கிளம்பும்போது
துணியைப் போட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டுக்
கதவைச் சாத்துவேன்.
நான் இல்லாத வீட்டில் அது என்ன செய்தது
எனக்குத் தெரியாது.
தெரியாது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அண்ணாந்து பார்த்தேன்.
தேநீர்க் கறை நிறத்தில் ஒரு வட்டம்,
அதைச் சுற்றி இன்னொன்று,
அதற்கும் வெளியே இன்னொன்று,
வெட்டிய மரத்தில் வயது எண்ணுவதுபோல.
ஒன்பதில் நிறுத்திக்கொண்டேன்.
நேற்றைய தண்ணீர் ஒன்பது வட்டம் போடாது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
முசியே டெல்பெக் சாணையும் முழத்தையும் அளந்து வைத்திருந்தார்.
வரி அலுவலகத்தில் முப்பது வருடம்.
இழுப்பறையிலிருந்து கோடு போட்ட நோட்டு வந்தது:

நவம்பர் 14. ஏழு சொட்டு. சூப் கிண்ணம் வைத்தேன்.
டிசம்பர் 2. கிண்ணம் போதவில்லை. வாளி.
ஜனவரி 9. மேலே போனேன். தட்டவில்லை.

ஏன் தட்டவில்லை?

பேனா மூடியைத் திருகினார், திரும்ப மூடினார்.
“நீங்கள் தொலைபேசியில் இருந்தீர்கள், மதாம் கோவெல்.
பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்ல முடியாது.”

ஜனவரி ஒன்பது எனக்குத் தெரியும்.
அதை இந்தப் படிவத்திலும் எழுதப்போவதில்லை
வேறு எதிலும் எழுதப்போவதில்லை.

கண்ட ஐந்து வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டுமாம்,
அவருடைய ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில்.
உண்மைத் தேதியை எழுதினால் கம்பெனி கேட்கும்:
நாலு மாதம் வாளி வைத்து வேடிக்கை பார்த்தீரா?
நேற்று என்று எழுதினால் பணம் வரும்,
உப்பிப்போன மரத்தரைக்கு,
கூரைப் பூச்சுக்கு,
கதவு மூடாத அந்த அலமாரிக்கு.
நேற்று என்று எழுத
இரண்டு கையெழுத்து வேண்டும்.

“நானே தருகிறேன்,” என்றேன். “மாதாமாதம்.”
“ரசீது இல்லாத பணம் வாங்கிப் பழக்கமில்லை,” என்றார்.
பிறர் எழுதிய தேதிகளைச் சந்தேகித்தே
சம்பளம் வாங்கிய மனிதர்.
காது மடல் சிவந்திருந்தது.

அப்போது வாளியில் ஒன்று விழுந்தது.
இருவரும் நிமிர்ந்தோம்.
குழாயை மாற்றிவிட்டேனே என்று வாய் திறப்பதற்குள்
“அது பழையது,” என்றார்,
“உள்ளே தங்கியது இறங்குகிறது. சில நாள் இறங்கும்.”

நீர் முதன்முதலில் காணப்பட்ட தேதி:
நாளுக்கு இரண்டு பெட்டி, மாதத்துக்கு இரண்டு,
வருடத்துக்கு நாலு.
முதல் பெட்டியில் ஒன்று என்று எழுதினார்,
தெளிவாக, கோட்டைத் தொடாமல்.

பதினான்குக்கும் அதுதான் முதல் எண்.
நேற்றைய மார்ச் பதினேழுக்கும் அதுதான்.

பேனாவை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு
எழுந்தார்.
காப்பியில் சர்க்கரை எத்தனை என்று கேட்டார்,
பதினோரு வருடத்தில் முதல் கேள்வி,
தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொள்பவர்போல.